பாரிஸில் எழுதிய அசமன்பாடு, பழவேற்காட்டு முகத்துவாரத்தில்

பிரெஞ்சுக் கணிதக் கழக இதழின் 1962ஆம் ஆண்டுத் தொகுதியில், 449ஆம் பக்கத்தில் தொடங்கி 471இல் முடியும் ஒரு கட்டுரை இருக்கிறது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் ஜப்பானியரான தகேஷி கொதாகே. மற்றவர் பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை கிராமத்தில் 1932இல் பிறந்த எம். எஸ். நரசிம்மன். அந்த இருபத்துமூன்று பக்கங்களின் நடுநாயகமாக ஒரு அசமன்பாடு நிற்கிறது. அதன் முன்னோர் யார், அது எங்கெல்லாம் போனது என்று பார்த்துக்கொண்டே வந்தால் கடைசியில் பழவேற்காடு ஏரியின் வாயில் வந்து நிற்கிறோம். அங்கே வலை வீசுகிறவர்கள் அதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஊரின் கரையைப் பற்றி அதிகாரிகள் விரிக்கும் வண்ண வரைபடங்களுக்கு அடியில் அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று இருந்தே தீரும்.

நீரோட்டம், வெப்பம், உப்புக் கரைசல், வளையும் இரும்பு எல்லாவற்றுக்கும் பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் உண்டு. எழுதுவது பெரிய காரியமில்லை. தீர்ப்பதுதான் கஷ்டம், பெரும்பாலும் தீர்வைக் கையால் எழுதவே முடியாது. அப்போது கணிதக்காரர் வேறு கேள்வி கேட்கிறார்: தீர்வு கைக்கு எட்டாவிட்டால் போகட்டும், அதன் குணமாவது தெரியுமா? எங்காவது திடீரென்று எகிறுமா, முறியுமா, கூர்முனை விடுமா? இதற்குப் பதில் ‘இந்த அளவு அந்த அளவை மிஞ்சாது’ என்ற வடிவில் வரும். சீர்மை மதிப்பீடு என்பது அதுதான். தீர்வைக் காட்டாமலே அதன் நடத்தைக்குக் கொடுக்கப்படும் ஜாமீன்.

1900இல் பாரிஸ் மாநாட்டையொட்டி டேவிட் ஹில்பர்ட் வெளியிட்ட 23 கேள்விகளில் பத்தொன்பதாவது இதைப் பற்றியது. ஒருவகைச் சமன்பாடுகளின் தீர்வுகள் எப்போதுமே பகுமுறைச் சார்புகளாகத்தான் இருக்குமா என்று கேட்டார். பகுமுறைச் சார்பு என்பது சீர்மையின் உச்சி. அதன் ஒரு சிறு துண்டு தெரிந்தால் போதும், மீதி முழுவதும் தீர்மானமாகிவிடும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலில் ஏறக்குறைய உண்மை. பகுமுறைச் சார்புகளில் அது முழு உண்மை. ஒடெசாக்காரரான செர்கெய் பெர்ன்ஸ்டைன் 1904இல் பாரிஸில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் இரு மாறிகளுக்கு ‘ஆம்’ என்று நிறுவினார். 1939இல் இவான் பெத்ரோவ்ஸ்கி, ஒரே சமன்பாட்டிலிருந்து பல சமன்பாடுகள் பின்னிய தொகுதிகளுக்கு அதை விரித்தார். நிபந்தனை ஒன்றுதான்: தொகுதி நீள்வட்ட வகையாக இருக்க வேண்டும். அதாவது எந்தத் திசையில் பார்த்தாலும் செயலி, சமன்பாட்டில் சார்பை வகையிடும் பகுதி, நழுவாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்தத் திசையிலும் ஒரு முறிவு சத்தமில்லாமல் கடந்துபோக வழி இருக்கக் கூடாது.

இந்தப் பரம்பரை தமிழ்நாட்டுக்குள் நுழைந்த வாசல், சென்னை லயோலா கல்லூரி. பிரெஞ்சுக்காரரான சேசு சபைப் பாதிரியார் சார்ல் ரசீன் அங்கே கணிதம் நடத்தினார். எலி கார்தானிடம் ஆய்வு செய்தவர். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எதைச் சொன்னாலும் தன் மாணவர்களிடம் புதிய பிரெஞ்சுக் கணிதத்தின் வாசனையைப் பரப்பிவிட்டார். நரசிம்மனும் காஞ்சிபுரத்தில் பிறந்த சி. எஸ். சேஷாத்ரியும் அவரிடம் படித்து, 1953இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் நிறுவனம் இருந்தது கேட்வே ஆஃப் இந்தியா அருகே, பழைய படகுக் கழகக் கட்டடத்தில். கணிதப் பிரிவைக் கட்டி எழுப்பிய கே. சந்திரசேகரன் வெளிநாட்டுப் பெருந்தலைகளை வரவழைத்து, அவர்கள் விரிவுரைக்குக் குறிப்பெடுத்து நூலாக்கும் வேலையை மாணவர்களிடம் விட்டார். லோரன் ஷ்வார்ட்ஸ் வந்தார். 1957இல் ழாக்-லூயி லியோன்ஸ் வந்து நீள்வட்டச் சமன்பாடுகளைப் பற்றியே பேசினார். விமானப் பயணம் அபூர்வமாயிருந்த காலத்தில், அந்தத் துறையின் சூடான அடுப்பிலிருந்து நேராக எடுத்துப் பரிமாறியது போல் அது நடந்தது. நரசிம்மன் அதன்பின் ஷ்வார்ட்ஸின் அழைப்பில் பாரிஸ் போனார். கொதாகேயைச் சந்தித்ததும் அங்கேதான்.

இருவரும் கண்டுபிடித்ததை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒரு சார்பு பகுமுறைச் சார்புதானா என்று சோதிக்க, பழைய முறையில் அதன் எல்லா வகைக்கெழுக்களையும் அளக்க வேண்டும். பத்தாம் படியில் உள்ள ஒவ்வொரு வகைக்கெழுவும், ஒரு மாறிலியின் அடுக்கைப் பத்தின் காரணீயப் பெருக்கமான 36,28,800ஆல் பெருக்கிய எல்லைக்குள் அடங்க வேண்டும். இப்படி ஒவ்வொரு படியிலும், முடிவில்லாமல். இரண்டு திசைகள் மட்டும் இருந்தால் பத்தாம் படியில் 11 வகைக்கெழுக்கள். மூன்று திசைகள் என்றால் 66. கொதாகேயும் நரசிம்மனும் சொன்னது இது: நீள்வட்ட வகையைச் சேர்ந்த ஒரே ஒரு செயலியை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கெழுக்கள் பகுமுறைச் சார்புகளாக இருக்கட்டும். அதைச் சார்பின் மீது ஒரு முறை பாய்ச்சுங்கள், கிடைத்ததன் மீது மறுபடி, அதன் மீது மறுபடி. இரண்டாம் படிச் செயலி என்றால் ஐந்தாம் முறையில் பத்தாம் படி வந்துவிடுகிறது. அந்த 66ஐயும் தனித்தனியே தொட வேண்டாம். வந்த ஒரே விடையின் மொத்த அளவு அதே மாதிரியான எல்லையைத் தாண்டாமல் இருந்தால், அந்த 66ம் தாமாகவே அடங்கும். சார்பு பகுமுறைச் சார்பாகிவிடும்.

முதல் பார்வையில் இதை நம்ப முடிவதில்லை. கூட்டுத்தொகை சிறியது என்பதால் கூட்டப்பட்டவை சிறியவை என்று ஆகாது. பெரிய நேர்மமும் பெரிய எதிர்மமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியமாகலாம். நீள்வட்டத் தன்மை அந்தக் கள்ளக்கணக்கை நடக்க விடுவதில்லை. இதை ஒவ்வொரு சுற்றிலும் நிறுவி, சுற்றுக்குச் சுற்று மாறிலி ஊதிப்போகாமல் காப்பதுதான் கட்டுரையின் உழைப்பெல்லாம். ஒரு சுற்றில் கொஞ்சம் தாராளமாக விட்டால் நூறாவது சுற்றில் எல்லாம் கையைவிட்டுப் போய்விடும். இந்தத் துறையில் பெயர் வாங்குவது என்பது பாதிக்கு மேல் இந்தச் சிக்கனம்தான் என்று எனக்குத் தோன்றும்.

அதே 1962இல் ஜப்பானில் ஹிகோசாபுரோ கொமாட்சு அதற்கு வேறொரு நிறுவல் கொடுத்தார். லியோன்ஸும் மஜெனெஸும் எழுதிய பெரிய நூலின் மூன்றாம் தொகுதி இதே பாதையில் நடந்தது. 1978இல் கி மெத்திவியே எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார்: பகுமுறைக்கு ஒரு படி கீழே கெவ்ரியின் பெயரில் உள்ள சார்புகளின் வகுப்புகளில், நீள்வட்டமல்லாத செயலிக்கு இந்த வகைத் தேற்றம் நிற்காது என்று காட்டினார். அடுத்த ஆண்டு போல்லே, காமு இருவரும் ஒரு செயலிக்குப் பதில் செயலிகளின் தொகுதியை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார்கள். நரசிம்மனோ அதற்குள் வேறு ஊருக்குக் குடிபோயிருந்தார். 1965இல் சேஷாத்ரியோடு சேர்ந்து அவர் நிறுவிய தேற்றம் வடிவகணிதத்தில் வேறொரு சகாப்தம். 2021 மே மாதம் அவர் காலமானபோது வந்த அஞ்சலிகளில் 1962ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைத்தது.

தொகுதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கையும் இந்த வரலாற்றில் உண்டு. 1957 வாக்கில் என்னியோ தெ ஜோர்ஜியும் ஜான் நாஷும் ஒருவரையொருவர் அறியாமல், கெழுக்கள் கரடுமுரடாக இருந்தாலும் ஒற்றைச் சமன்பாட்டின் தீர்வு தொடர்ச்சியாகவே இருக்கும் என்று நிறுவினார்கள். தொகுதிகளுக்கும் அப்படியே இருக்கும் என்று பலர் நம்பினார்கள். 1968இல் தெ ஜோர்ஜியே அந்த நம்பிக்கையைக் குலைத்தார்: நீள்வட்டத் தொகுதிதான், ஆனாலும் ஒரு புள்ளியில் தீர்வு எகிறுகிறது. பல அளவுகள் ஒன்றோடொன்று பிணைந்து நடக்கும்போது, தனித்தனியே இருந்த உத்தரவாதம் கூட்டாக இருப்பதில்லை.

இப்போது ஏரி.

பழவேற்காட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் டச்சுக் கோட்டையிலோ பூநாரைகளிலோ தொடங்குவது வழக்கம். எனக்கு இங்கே வேண்டியது தண்ணீர் மட்டும். தெற்கு வடக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம், பெரும்பகுதி ஆந்திரத்தில். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் சுற்றி. ஆரணியாறும் காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. தமிழ்நாட்டுப் பக்கம் கடலோடு பேசும் வழி பழவேற்காட்டு முகத்துவாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது அகலத் திறக்கும்; கோடையில் மணல் மேடிட்டுத் தூர்ந்துபோகும். தூர்ந்தால் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வராது, உள்ளே இருக்கும் தண்ணீர் வெயிலில் வற்றி உப்பு ஏறிக்கொண்டே போகும், கடலைவிட அதிகமாகிவிடும். படகும் வெளியே போக முடியாது.

இந்தத் தண்ணீரின் சமன்பாடு ஒன்றல்ல, ஒரு தொகுதி. நீர்மட்டம், இரு திசை வேகங்கள், உப்பு என்று நான்கு அளவுகள் பிணைந்தது. 1871இல் சேன்-வெனான் கால்வாய்களுக்கு எழுதியதன் இருபரிமாண வாரிசு. ஒரு மீட்டர் ஆழத்தில் நீண்ட அலை விநாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகத்தில் ஓடும். 60 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கடலில் ஓதம் உச்சியிலிருந்து வடிந்து முடிய ஆறு மணி சொச்சம்தான் ஆகிறது. எனவே தெற்கு வாயில் ஏறிய தண்ணீர் வடகோடிக்குச் சேதி சொல்வதற்குள் வாயில் பெரும்பாலும் வடிந்துவிட்டிருக்கும். அதுவும் சேதி முழுசாகப் போவதில்லை; தரை உராய்வு வழியிலேயே உறிஞ்சிவிடுகிறது. ஆழமான கடலில் இந்தத் தொகுதி அதிபரவளைய வகை, அலையை அப்படியே கடத்தும். சுனாமி அப்படித்தான் கரைவரை தன் முகத்தைக் கலைக்காமல் கொண்டுவருகிறது. ஏரிக்குள் உராய்வு மேலோங்கியதும் தொகுதி குணம் மாறி, பரவலைப் போல, பரவளைய வகையைப் போல நடக்கத் தொடங்குகிறது. பரவல் முரட்டுத்தனத்தைத் தேய்த்துவிடும். ஏரியின் நடுவே, கரைக்கு எட்டாத இடத்தில், சீர்மை மதிப்பீடுகளுக்கு அதனால் நல்ல வாழ்வு.

நீள்வட்ட வகை வருவது கடல் பக்கம். 1972இல் பெர்க்ஹோஃப் என்ற டச்சுப் பொறியாளர் (டச்சுக்காரர்கள் இந்தக் கரையை விடுவதாயில்லை) சாய்வான அடித்தரை மேல் அலை எப்படி வளையும், தடுப்புச் சுவரைச் சுற்றி எப்படிப் பரவும் என்பதற்கு ஒரு நீள்வட்டச் சமன்பாடு கொடுத்தார். துறைமுகங்களுக்கான அலைக் கணக்குகளில் அது நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பழவேற்காட்டுக்குத் தெற்கே எண்ணூர் துறைமுகம் 2001இல் இயங்கத் தொடங்கியது; பிறகு காட்டுப்பள்ளி வந்தது. இரண்டுக்கும் கடலுக்குள் நீளும் கல்சுவர்கள் உண்டு. இந்தக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டியபின் மெரினா அகன்றதும் ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதனால்தான். தெற்கிலிருந்து ஓடும் தண்ணீரைச் சென்னைக் கரை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். எந்த மாதத்தில் எது, எவ்வளவு வேகம், எந்த மீன் அதோடு வரும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களுக்குள்ளேயே இருக்கிறது. காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைப் பழவேற்காட்டுக் குப்பங்கள் எதிர்ப்பதற்குச் சொல்லும் காரணங்களில் கரையரிப்பும் முகத்துவாரம் அடைபடுவதும் முக்கியமானவை.

இங்கேதான் 1962ஆம் ஆண்டுத் தேற்றத்தின் நிபந்தனைகளைத் திருப்பிப் படிக்க வேண்டும். அது உள்ளிடத்துக்கான உத்தரவாதம். எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்கிறோமோ அவ்வளவு பலம். நெருங்க நெருங்க, மாறிலியில் அந்தத் தூரம் வகுஎண்ணாக வந்து உட்காரும். பத்தாம் படி என்றால் தூரத்தின் பத்தாம் அடுக்கு. ஏரி நடுவில் கரை கிலோமீட்டர் கணக்கில் தள்ளி இருக்கிறது. முகத்துவாரத்தில், எந்தப் புள்ளியில் நின்றாலும் கரை சில நூறு மீட்டருக்குள். கெழுக்களும் பகுமுறையாக இருக்க வேண்டும் என்றது தேற்றம். இங்கே கெழு என்பது ஆழம். ஆழம் என்பது மணல். ஒரு புயல் ராத்திரியில் அது மாறிவிடும்.

சுவரின் முனை இன்னும் மோசம். மெல்லிய தடுப்புச் சுவர் கடலுக்குள் முடியும் இடத்தில் தண்ணீர் ஏறத்தாழ 360 பாகை சுற்றி வர வேண்டும். 1967இல் கோந்த்ராத்தியெவ் இப்படிப்பட்ட மூலைகளுக்குத் தனிக் கோட்பாடு எழுதினார். முனையிலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கமூலம் தீர்வில் நுழைகிறது. அதனால் கணக்கில் வேகம் வர்க்கமூலத்தின் தலைகீழாக, முனையை நெருங்க வரம்பின்றி ஏறுகிறது. முனையிலிருந்து நான்கு மீட்டரில் இருந்த வேகம் ஒரு மீட்டரில் இரட்டிப்பு. நிஜக் கடலில் சுழலும் நுரையும் வந்து அதற்குக் கடிவாளம் போடும். ஆனால் மணலைக் கிளறுவது அந்த வேகம்தான்.

கணிப்பொறி இதை எப்படிப் பார்க்கிறது? கடலைச் சிறு சிறு கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் எளிய சார்பைப் பொருத்துகிறது. தீர்வு சீரானது என்றால், வழக்கமான முறையில் கட்டத்தின் அகலத்தைப் பாதியாக்கும்போது பிழை கால்வாசியாகும். இந்த வாக்குறுதி வருவது நேராகச் சீர்மை மதிப்பீட்டிலிருந்து. அது இல்லாவிட்டால் வாக்குறுதியும் இல்லை. மெல்லிய சுவரின் முனை இருந்தால் பிழை பாதியாகத்தான் குறையும். பாதியாகட்டும், கால்வாசியாகட்டும், மென்பொருள் வரைவது ஒரே மாதிரி அழகான நீலப் பச்சைப் படம். நிறங்களுக்கு இடையே மாற்றத்தை வழவழப்பாக்குவது படம் வரையும் நிரலின் வேலை, கடலுக்கு அதில் பங்கில்லை. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளின் வண்ணப் படங்கள் மேல் எனக்குள்ள சந்தேகம் இதனால்தான். செய்தவர்களின் நேர்மை மேல் சந்தேகமில்லை. கோட்பாடு எந்த இடத்தில் கையை விரித்துவிட்டதோ, அந்த இடத்தை மற்ற இடங்களைப் போலவே வண்ணம் பூசிக் காட்டுகிறார்கள் என்பதே பிரச்சினை.

ஏரியின் ஆட்கள் அதைச் சீரானது என்று ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் மூன்றிலும் பாடு என்றொரு ஏற்பாடு தலைமுறைகளாக இருக்கிறது. முகத்துவாரத்தையொட்டிய இறால் பிடிக்கும் இடங்களில் யார், எந்த நாளில், எங்கே வலை கட்டலாம் என்பதை முறைவைத்துச் சுற்றில் விடுவார்கள். இன்று நல்ல பாடு கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான பாடு. இந்தச் சுற்று ஏன் தேவைப்பட்டது? பக்கத்துப் பக்கத்து இடங்களுக்குள்ளேயே விளைச்சல் அவ்வளவு வேறுபடுவதால்தான். பாடு இல்லாத இருளர் பெண்கள் ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்கும் எந்தச் சேறு, எந்தப் பள்ளம் என்பது முழ அளவில் தெரியும். ஒரு சோற்றைப் பதம் பார்த்து மீதியை ஊகிப்பது அவர்கள் தொழிலில் பட்டினிக்கு வழி.

முகத்துவாரம் தூராமல் இருக்க இருபுறமும் கல்சுவர் எழுப்ப வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தமிழக அரசும் அந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தது. துறைமுகச் சுவர் வேண்டாம், முகத்துவாரச் சுவர் வேண்டும் என்பதில் முரண் ஒன்றும் இல்லை. ஒன்று மணலை மறிக்கிறது, மற்றது ஓதத்துக்கு வழியைக் காக்கிறது. ஆனால் கணிதத்துக்கு இரண்டும் ஒன்றுதான்: இன்னும் இரண்டு முனைகள், இன்னும் இரண்டு வர்க்கமூலங்கள். பெரிய திட்டங்களுக்கு 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கை பொதுமக்கள் கருத்துக் கேட்பை வலியுறுத்துகிறது. அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் கொடுக்கச் சொல்கிறது. அங்கே எழுந்து நின்று கேட்பதற்கு அசமன்பாடு தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுவர் முனையருகே கட்டம் எத்தனை மீட்டர் அகலம்? அதைப் பாதியாக்கி மறுபடி ஓட்டிப் பார்த்தீர்களா? பிழை கால்வாசியானதா, பாதிதான் ஆனதா? ஆழத்தை எந்த மாதத்தில் அளந்தீர்கள், முகத்துவாரம் திறந்திருந்தபோதா, தூர்ந்திருந்தபோதா?